பதினோரு கோட்டு வார்னிஷ்

மால்டன், எஸ்ஸெக்ஸ்
14 செப்டம்பர் 1987

அன்புள்ள லயனல்,

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே வலித்துச் சேதி சொல்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அங்கே ஆஸ்திரேலியாவில், ஹோபர்ட்டில், குளிர் விட்டதா? நாள் முழுக்கக் குளிர்சாதனக் கிடங்கில் ஆப்பிள் பெட்டிகளோடு நிற்கிறவனிடம் இதைக் கேட்கிறேன் பார்.

வெள்ளிக்கிழமை நம் ஷெல்டக் வகைப் பாய்ப்படகுச் சங்கத்தின் கூட்டம். இரண்டே நிமிடம் கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். மார்ச்சில் லண்டனில் நடக்கும் சிறு பாய்ப்படகுக் கண்காட்சியில் நம் ஸ்டாண்டுக்கு நான்தான் பொறுப்பாம். "எதிர்ப்பே இல்ல மியூரியல், ஏகமனசா முடிவாச்சு" என்றார் தலைவர் ஹ்யூபர்ட். எதிர்க்க வேண்டியவள் கழிவறையில் இருந்தால் ஏகமனதாகத்தான் முடியும்.

இரண்டு வருஷமாகச் சங்கத்தில் புது ஆள் ஒருவர்கூடச் சேரவில்லை. அதனால் இந்தத் தடவை ஸ்டாண்டில் ஆள் பிடித்தே ஆக வேண்டும். காட்சிக்கு ஹ்யூபர்ட்டின் படகு. அவரே முன்வந்து கொடுத்தார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இனி நம் விஷயம். மே மாதம் உன் ஒப்பந்தம் முடிகிறது அல்லவா? ஆகஸ்டில் ஃபால்மத்தில் தேசியப் போட்டி. பதிவுத் தாளில் சுக்கான் பிடிப்பவர் பெயரும் முன்பாய் பிடிப்பவர் பெயரும் சேர்ந்தே போக வேண்டும். பதினான்கு வருஷமாக நீ சுக்கான், நான் முன்பாய். இந்த வருஷம் நீ இல்லாததால் போட்டி நாட்களில் கரையில் நின்று சாண்ட்விச் விற்றேன். இன்னொரு வருஷம் விற்க என்னால் ஆகாது. வருகிறாய் அல்லவா? ஒரு வரி எழுது, தாளை நிரப்பிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மியூரியல்


ஹோபர்ட்
2 அக்டோபர் 1987

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஸ்டாண்ட் விஷயமாகச் சில யோசனைகள். முதலில் நாற்காலிகளை எடுத்துவிடு. நாற்காலி இருந்தால் நம் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தால் எழுபத்துநாலாம் வருஷப் போட்டியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். கம்பளம் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும், சேறு தெரியாது. படகைச் சற்றுச் சாய்த்து நிறுத்து, உள்பக்கம் தெரியும். முக்கியமாக, வருகிறவர்களை உள்ளே ஏறி உட்காரச் சொல். உட்கார்ந்து பார்க்காமல் யாரும் படகு வாங்கியதில்லை.

இங்கே வசந்தம் தொடங்கிவிட்டது. ஆப்பிள் மரமெல்லாம் பூ.

அன்புடன் தம்பி,
லயனல்


மால்டன்
20 அக்டோபர் 1987

அன்புள்ள லயனல்,

நலம். ஒத்தடத்துக்குக் கொஞ்சம் கேட்கிறது. போன வாரப் புயலில் கொட்டகை ஓடு நாலு பறந்தது, நம் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

யோசனைகளுக்கு நன்றி. ஃபால்மத் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறாய். மறந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏறி உட்காரச் சொல் என்கிறாயே, ஹ்யூபர்ட்டிடம் அதைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். படகுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினோரு கோட்டு வார்னிஷ் அடித்திருக்கிறார். சுற்றிக் கயிறு கட்டப் போகிறாராம். சினிமாத் தியேட்டர் வாசலில் கட்டுகிற மாதிரிச் சிவப்புக் கயிறு, பித்தளைக் கம்பத்தோடு சொந்தச் செலவில் வாங்கியும் வைத்துவிட்டார். அவர் மனைவி ஈனிட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மனுஷன் அந்தப் படகத் தொடச்ச மாதிரி ஒரு நாளாவது சமையலறையத் தொடச்சிருந்தா நான் எப்பவோ ராணியாயிருப்பேன்" என்றாள்.

ஸ்டாண்டில் கூட்டம் கூட்ட ஒரு கதை வைத்திருக்கிறேன். எண்பத்தாறு ஆகஸ்டில் நாம் தலைகீழாகக் கவிழ்ந்தோமே, நான் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, அங்கே அடைபட்டிருந்த கொஞ்சம் காற்றில் தலையை நீட்டிக்கொண்டு தொங்கினேனே, அந்தக் கதை. கூட்டத்தில் ஒத்திகையாகச் சொல்லிப் பார்த்தேன். உன்னைப் போல் நடித்துக் காட்டினேன்: "அக்கா, அக்கா" என்று நீ தண்ணீரைத் துழாவியது. ஹ்யூபர்ட் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

ஃபால்மத் பற்றிப் பதில் எழுது.

உன் அக்கா,
மியூரியல்


ஹோபர்ட்
29 நவம்பர் 1987

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால் தாமதம்.

விளக்கை மேலிருந்து போடாதே, வார்னிஷில் கண் கூசும். பக்கவாட்டில் போடு. துண்டுப் பிரசுரங்களை மேஜைமேல் அடுக்கி வைக்காமல் கையில் கொடுக்கச் சொல்.

கவிழ்ந்த கதையை ஸ்டாண்டில் சொல்ல வேண்டாம். புதியவர்கள் பயந்துவிடுவார்கள்.

இங்கே செர்ரி பழுக்கத் தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

லயனல்


மால்டன்
4 ஜனவரி 1988

அன்புள்ள லயனல்,

புத்தாண்டில் நீ நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு ஒரு சளி வந்து போயிற்று.

ஏழு வாரம் காத்திருந்தேன். கடிதத்தைப் பிரித்தால் விளக்கு, வார்னிஷ், செர்ரி. உன் வாயில் என்ன கொழுக்கட்டையா? வருகிறாயா, இல்லையா? இதற்கு ஒரு வார்த்தை போதும். புதுப் பாய் தைக்கச் சொல்ல வேண்டும். சுக்கான் பிடியில் விரிசல், மாற்ற வேண்டும். உன் கைக்கு ஏற்ற பிடியை நான் எப்படித் தேர்ந்தெடுப்பது? கொட்டகையில் படகைப் பார்க்கும்போதெல்லாம் உன் இடம் காலியாக இருக்கிறது. ஒன்றரை வருஷமாகக் காலியாக இருக்கிறது, லயனல்.

போன வாரம் கிளப்பில் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஒங்க தம்பிதான் இல்லியே, என்கூட முன்பாய்க்கு வர்றீங்களா?" என் தம்பி மே மாதம் வருகிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது பொய்யா, மெய்யா?

ஸ்டாண்டைப் பற்றி இனி யோசனை எழுதாதே. எனக்கு வேண்டியது யோசனை இல்லை.

மியூரியல்


ஹோபர்ட்
25 ஜனவரி 1988

அன்புள்ள அக்கா,

சளி முழுக்கப் போய்விட்டதா? தொண்டையை மூடிக்கொண்டு வெளியே போ. லண்டன் மண்டபத்தில் கதவுப் பக்கம் நிற்காதே, காற்று வெட்டும்.

நீ கேட்டதற்குத் தனியாக எழுதுகிறேன். ஸ்டாண்ட் விஷயமாக ஈனிடுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

கண்காட்சி நன்றாக நடக்கும். உன்னால் முடியாதது இல்லை.

லயனல்


மால்டன்
7 மார்ச் 1988

லயனல்,

நான் சுகமாக இல்லை. நீ சுகமா என்று கேட்கவும் மனம் வரவில்லை.

நேற்று இரவு கண்காட்சி முடிந்து வீடு வந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், படி.

சனிக்கிழமை காலை கதவு திறந்தது. நம் ஸ்டாண்டுக்கு உதவ வந்தவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் ஹ்யூபர்ட்டின் படகைச் சுற்றி வட்டமாக, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நாற்காலியை எடுத்தால் பேசமாட்டார்கள் என்றாயே. நின்றுகொண்டே எழுபத்துநாலாம் வருஷப் போட்டியைப் பேசினார்கள். புதிதாக யாராவது எட்டிப் பார்த்தால் பதினான்கு கோட்டுகளின் பின்புறம்தான் தெரியும். பக்கத்து ஸ்டாண்டில் பிளாஸ்டிக் படகுக்காரர்கள் பாட்டுப் போட்டு, வருகிற குழந்தைகளை எல்லாம் படகில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு ஒருத்தி அந்த வட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்பது வயது இருக்கும், பெரிய மழைக்கோட்டு. பெயர் ப்ரான்வென், ஸ்வான்சீயில் பஸ் ஓட்டுகிறாள் என்று பிறகு தெரிந்தது. ஹ்யூபர்ட்டிடம் கேட்டாள்:

"ஏறிப் பாக்கலாமா?"

"பாக்கலாம். இங்கேருந்தே."

"இல்லைங்க, உள்ள ஏறி உக்காந்து."

"பதினோரு கோட்டு வார்னிஷ்மா அது."

"தண்ணியில போனா வார்னிஷ் போயிருமா?"

"தண்ணியில எறக்கினாத்தான போறதுக்கு. அடிச்சதுலேருந்து எறக்கவே இல்ல."

"அப்ப இது படகா, பீரோவா?"

ஈனிட் முட்டை சாண்ட்விச்சை வாயில் வைத்துக்கொண்டே சிரித்து விக்கினாள். நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் துண்டுப் பிரசுரம் கொடுத்தேன். ஹ்யூபர்ட்டைக் கெஞ்சினேன். ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறைமேல் துணி சுற்றிக்கொண்டு, அன்று மாலை வேண்டுமானால் யோசிக்கலாம் என்றார். அவள் போய்விட்டாள். பிறகு வந்தாள், மறுபடியும் கேட்டாள், மறுபடியும் போனாள். மூன்று தடவை.

மத்தியானம் ஒரு ஆள் என்னிடம் வந்தான். தலை முதல் கால் வரை பார்த்தான்.

"அந்த முன்பாய்க்கு ஆள் நீங்கதானா?"

"எந்த ஆள்?"

"போர்டுல போட்டிருக்கே. எடை எவ்வளவு இருப்பீங்க?"

படகுக்கு ஜோடி தேடுகிறவர்கள் அட்டை குத்துகிற அந்தப் பலகை உனக்குத் தெரியும். அது ஈனிடின் பொறுப்பு. போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு வெள்ளை அட்டை. கட்டட வரைபடத்தில் எழுதுகிற மாதிரிக் கட்டம் கட்டமான உன் எழுத்து. எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, உனக்கும் ஒரு தடவை எழுதிக் காட்டுகிறேன்:

"முன்பாய் பிடிக்க ஆள் இருக்கிறார். பெண், வயது 46. பதினான்கு வருஷ அனுபவம். காற்று திரும்புவதைச் சுக்கான் பிடிப்பவருக்கு முன்பே அறிவார். கத்தமாட்டார். நல்ல சுக்கான்காரர் தேவை. விசாரிக்க: மியூரியல், இதே ஸ்டாண்டில்."

ஈனிடைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏண்டி மியூரியல், ஒனக்குத் தெரியாதா? ஒந்தம்பிதான் அனுப்பினான். நல்ல எடத்துல குத்துன்னு எழுதியிருந்தான். ரெண்டு பேரும் பேசி வச்ச ஏற்பாடுன்னுல்ல நெனச்சேன்."

பழைய பாயும் விற்கிற பலகை அது, லயனல். பழைய பாய்க்கும் பழைய துடுப்புக்கும் நடுவில் என்னைக் குத்தியிருந்தாய். ஆறு மாதம் நான் கேட்டதற்குப் பதில், முந்நூறு பேர் படித்த பிறகு எனக்குக் கிடைத்தது.

எங்கே போவது என்று தெரியவில்லை. மண்டபத்தில் அழுவதற்கு ஒரு மூலை கிடையாது. சிவப்புக் கயிற்றைக் கழற்றினேன். ஷூவோடு, ஆமாம், ஷூவோடு, ஹ்யூபர்ட்டின் படகில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். முன்னால், பாய்மரத்தின் பக்கம். பழக்க தோஷம். "மியூரியல், ஷூவக் கழட்டும்மா, ஷூவ" என்று ஹ்யூபர்ட்டின் குரல் எங்கோ கேட்டது.

அந்த ப்ரான்வென் நாலாவது தடவை வந்து நின்றிருக்கிறாள். கயிறு கழன்றதைப் பார்த்து, எல்லோருக்கும் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அவளும் ஏறினாள். எனக்குப் பின்னால், சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"இங்க உக்காரலாம்ல? யாராவது வர்றாங்களா?"

"ஆமா, ஒருத்தன் வரணும்" என்றேன். அப்புறம் சொன்னேன், "இல்ல. யாரும் வரல. உக்காரு."

அவள் மழைக்கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, சுக்கான் பிடியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்து ஜனங்கள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிறு வரிசை நின்றது. ஒன்பது பேர் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள். வார்னிஷில் என் குதிகால் தடம் இரண்டு இருக்கிறது. ஹ்யூபர்ட் என்னோடு பேசுவதில்லை. நான் உன்னோடு பேசுவதில்லை, இந்தக் கடிதத்தைத் தவிர.

ஏன் என்று மட்டும் சொல். என்னோடு படகில் போக ஏன் பிடிக்கவில்லை உனக்கு?

மியூரியல்


மால்டன்
2 ஏப்ரல் 1988

லயனல்,

நலம். நாலு வாரம் ஆயிற்று.

மியூரியல்


ஹோபர்ட்
5 ஏப்ரல் 1988

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றிக் கேட்காதது சரிதான்.

உன் மார்ச் கடிதம் மூன்று வாரமாகச் சட்டைப்பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைக்கிறேன். இதுவரை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

உன்னோடு போகப் பிடிக்காமல் இல்லை. எண்பத்தாறு ஆகஸ்டில் கவிழ்ந்ததும் நான் மேலே வந்தேன். நீ வரவில்லை. உன் மஞ்சள் சட்டையைத் தேடினேன். மூன்று தடவை முங்கினேன். மூன்றாவது தடவை என் கையில் துணி தட்டுப்பட்டது, பிடித்து இழுத்தேன், வந்தது பாய். அப்போது நீ இறந்துவிட்டாய் என்று முடிவு செய்துவிட்டேன், அக்கா. அம்மாவிடம் எந்த வார்த்தையால் தொடங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்புறம் நீ அந்தப் பக்கமாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாய். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு மாலையே நீ கிளப்பில் அதை நடித்துக் காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

இந்த வேலை தானாக வந்தது என்று உன்னிடம் சொன்னேன். இல்லை. நானாகத் தேடி, உலகத்திலேயே தூரமான ஊராகப் பார்த்து வாங்கினேன். இங்கே வீட்டுக்குப் போகும் பஸ் ஆற்றை ஒட்டிப் போகும். ஆறு தெரியும் பக்கம் நான் உட்காருவதில்லை. தேசியக் கோப்பையை இரண்டு தடவை வாங்கியவன் இதை யாரிடம் சொல்வது? உனக்கு வேறு நல்ல ஆள் கிடைத்துவிட்டால் என்னைக் கேட்பதை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். அதற்குத்தான் அந்த அட்டை. கேவலமான வேலைதான்.

மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இங்கேயே நீட்டிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

தம்பி,
லயனல்


மால்டன்
16 ஏப்ரல் 1988

என் அன்புள்ள லயனல்,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? அதை முதலில் எழுது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். முட்டாளே. நீயும் முட்டாள், நானும் முட்டாள். அந்தக் கதையை நூறு பேரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பேன். உனக்கும் அது வேடிக்கை என்றே நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கேள். படகுக்கு அடியில் கயிறு என் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். எத்தனை நேரம் என்று எனக்கும் தெரியாது. வெளியே வந்து உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காவிட்டால் இரண்டு பேரும் அங்கேயே உடைந்திருப்போம். ஆரம்பித்த சிரிப்பை அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. இனி அந்தக் கதையைச் சொல்லமாட்டேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பலகையில் குத்தினதற்குக் கோபம் இருக்கிறது. இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கும்.

பதிவுத் தாளை நிரப்பிவிட்டேன். சுக்கான்: மியூரியல். முன்பாய்: ப்ரான்வென். அந்த பஸ்காரிதான். நாலு ஞாயிறு ரயிலேறி வந்தாள். முதல் நாளே, "சுக்கான நீங்க புடிங்க, நான் வாரம் பூரா ஸ்டியரிங் புடிச்சிட்டுத்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். சுக்கான் பிடியை என் கைக்கு ஏற்றதாக மாற்றிவிட்டேன். இரண்டு தடவை கவிழ்ந்தோம். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எழுதாமல் இருந்து நாம் பட்டது போதும். கவிழ்ந்தோம், இரண்டு பேரும் வந்துவிட்டோம்.

நீ படகில் ஏற வேண்டாம். நான் கேட்கவே மாட்டேன். ஆனால் படகை அதன் தள்ளுவண்டியோடு தண்ணீரில் இறக்கிவிட்டால், காலி வண்டியைக் கரைக்கு இழுத்துப் போக ஒரு ஆள் வேண்டும். நாங்கள் திரும்பும்போது அதே வண்டியோடு அங்கே நிற்க ஒரு ஆள் வேண்டும். ஹ்யூபர்ட்டைக் கேட்கலாம் என்றால் அவர் இன்னும் என் குதிகாலை மன்னிக்கவில்லை.

வருவாயா, மாட்டாயா?

உன் அக்கா,
மியூரியல்


ஹோபர்ட்
30 ஏப்ரல் 1988

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். தூக்கம் பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி?

வருகிறேன். ஜூன் பத்தாம் தேதி விமானம். வேலையை நீட்டிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வண்டியை நான் பிடிக்கிறேன். ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் என்னைக் கூப்பிடாதே. நீங்கள் திரும்பிக் கரை தொடும்வரை கடல் பக்கம் பார்க்க என்னால் முடியாது. குனிந்து வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது கேட்டால், சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் தம்பி,
லயனல்